ஐந்தாவது துணி

"சுவரைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்" என்று யாராவது புகழ்ந்தால் பெயிண்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருஷமாக வருகிறது. புகழ்கிறவர்கள் பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அவர் நடுவிரல் முட்டியால் சுவரை மூன்று தட்டுத் தட்டி, இரண்டே வார்த்தை சொல்லி, ஒரு பொம்பளையையும் அவள் பிள்ளையையும் தெருவில் நிறுத்திய கதை அவர்களுக்கு எங்கே தெரியும். நிறுத்திய பாவத்தில் பாதி அவருடையது. மீதிப் பாதிக்குச் சொந்தக்காரர் இன்றும் அதே கட்டடத்தின் கீழ்வீட்டில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அதுதான் ஆறவில்லை.

மூன்று மாடிக் கட்டடம் அது. மாடிக்கு நான்கு அறை, எல்லாம் வாடகை. ஓர் அறை காலியானால் பெயிண்டருக்கு ஆள் வரும். ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடித்துக் கொடுக்க வேண்டும். மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு பலகை: "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது." சிவப்பில் அந்த எழுத்தை எழுதியதே பெயிண்டர்தான். அந்தச் சட்டத்தில் அவருக்கு முழுச் சம்மதம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மட்டக்கட்டையும் பட்டித் தகடும் பிடித்தவர். அவர் கண்ணுக்கு ஆணி அடித்த சுவர் அம்மை வார்த்த முகம். எவனோ சட்டை மாட்ட ஒரு நொடியில் அடிப்பான். அதை மூட இவர் ஒரு நாள் முழுக்கத் தேய்க்க வேண்டும்.

அந்தக் கட்டடத்தில் இரண்டாம் மாடி மூலை அறையில் இருந்தவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். புருஷன் இல்லை, ஒரே மகள். டாக்டர்களின் கோட்டுக்கெல்லாம் கஞ்சி போடுவது அவள் வேலை. அதனால் ஆஸ்பத்திரியில் கடைநிலை ஆளிலிருந்து தலைமை நர்ஸ் வரைக்கும் அவளுக்குப் பெயர் கஞ்சியக்கா. ஆணி கூடாது என்றால் சரி என்று ஆணியே அடிக்காமல் வாழ்ந்தவள் அவள். ஆனால் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் வெள்ளையைப் பார்க்கிறவள், வீட்டுக்கு வந்துமா அதைப் பார்ப்பாள்?

நைந்துபோன படுக்கை விரிப்புகளை ஆஸ்பத்திரியில் கழித்துப் போடுவார்கள். வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அவள் எடுத்து வந்து வேகவைத்து, தேயிலைத் தூளில் கொஞ்சம், வெங்காயத் தோலில் கொஞ்சம் என்று சாயம் ஏற்றினாள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டின முகத்தில் இலை செதுக்கி, சாயத்தில் தொட்டுத் தொட்டு அச்சு குத்தினாள். பிறகு கெட்டிக் கஞ்சி காய்ச்சி, சுவரில் தடவி, துணியை மேலிருந்து கீழே உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினாள். காய்ந்தபின் ஓரத்தைப் பிளேடால் கத்தரித்துவிட்டால் போதும், சுவரே அச்சுத் துணியாகிவிடும். போகும்போது தண்ணீர் தொட்டு நனைத்தால் கையோடு வந்துவிடும். சுவரில் ஒரு கீறல் இருக்காது. நான்கு சுவருக்கு நான்கு துணி. கதவோரம் ஒரு முழ அகலத்தில் ஐந்தாவதாக ஒன்று, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் வரை.

இதெல்லாம் பெயிண்டருக்குப் பிற்பாடு தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டுக்காரருக்கு அந்த மூலை அறை தேவைப்பட்டது. மனைவியின் தம்பிக்கு அந்த ஊருக்கு மாற்றலாகியிருந்தது, காற்றோட்டமான அறை அது ஒன்றுதான். ஒழுங்காக இருக்கிறவளைக் காரணமில்லாமல் எப்படிக் கிளப்புவது? காரணம் தேடி மேலே போனவர் கண்ணில் துணி பட்டது. உடனே பெயிண்டருக்கு ஆள் போனது.

"யோவ், மேல போய்ப் பாருய்யா. ஆஸ்பத்திரிப் போர்வையை எல்லாம் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கா. எவன் செத்தப்போ போர்த்தினதோ. சுவரு தேறுமா தேறாதான்னு மட்டும் சொல்லு."

பெயிண்டர் போனபோது கஞ்சியக்கா வேலைக்குப் போயிருந்தாள். மகள் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. எட்டு முடிந்து ஒன்பது நடக்கிற வயது. பெயிண்டர் குனிந்து, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் முட்டியால் தட்டினார். தொப், தொப், தொப். நல்ல சுவர் அப்படிப் பேசாது. பட்டி விட்டுப்போய் உள்ளே காற்றுப் புகுந்த சுவர்தான் அப்படிப் பேசும். போன மாதம்தான் ஒரு வீட்டில் பசை போட்டு ஒட்டின காகிதத்தை உரித்தார், காகிதத்தோடு பூச்சும் பெயர்ந்து தலையில் கொட்டியது. அந்த ஞாபகம் வேறு.

"மாமா, அது வெறும் கஞ்சிதான். உரிச்சா வந்துடும்" என்றது பிள்ளை.

"நீ சும்மா இரு பாப்பா. இருபத்தஞ்சு வருஷமா சுவரு பாக்குறவன் நான்."

"அந்தப் பக்கம் தட்டிப் பாருங்களேன்."

"எழுதுற வேலையைப் பாரு."

கீழே இறங்கி வந்து சொன்னார்: "சுவரு போச்சு." இரண்டே வார்த்தை.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் அவளிடம் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் கெடு. ஒரு மூலையை மட்டும் உரித்துக் காட்டுகிறேன், பாருங்கள் என்று அவள் மன்றாடினாள். கை வைக்கக் கூடாது என்றுவிட்டார். "ஏற்கெனவே கெடுத்தது போதும். பெயிண்டரே சொல்லிட்டான். துணி சுவத்தோட இருக்கட்டும், அவனே வந்து சுரண்டிக்குவான்." தன் கையால் சாயம் போட்ட துணியைக்கூட எடுக்க விடாமல் அனுப்பினார்.

அவள் போன நான்காம் நாள் பெயிண்டர் சுரண்டும் தகடும் வாளித் தண்ணீருமாக மூலை அறைக்குப் போனார். கதவோரம் ஒரு முழ அகலத்துக்குச் சுவர் பளிச்சென்று வெறுமையாகக் கிடந்தது. பார்த்தார், அதைப் பற்றி யோசிக்கவில்லை. தூசி பறக்காமலிருக்க ஸ்பாஞ்சைத் தண்ணீரில் தோய்த்து, அன்று தட்டிய சுவர்த் துணியின் மேல்மூலையில் ஒற்றினார். ஒரு ஓரம் சுருண்டு எழுந்தது. பிடித்து இழுத்தார். பால் மேல் ஆடை வருவது போல மொத்தத் துணியும் வழுக்கிக்கொண்டு வந்து அவர் தோளில் விழுந்தது.

அடியில் அவர் அடித்த வெள்ளை. நான்கு வருஷத்துக்கு முன் அவர் கையால் உருட்டிய உருளைத் தடம்கூட அப்படியே இருந்தது. மற்ற அறைகளில் கைப்பட்டு, புகைபட்டு, தலையெண்ணெய் பட்டு மஞ்சளாகிப்போன வெள்ளை இங்கே நேற்று அடித்தது போல இருந்தது. அவர் தொழிலில் அவ்வளவு பத்திரமாக யாரும் அவர் சுவரை வைத்திருந்ததில்லை. கட்டில் இருந்த பக்கம் துணிக்கு உள்ளே இரண்டு மடிப்புக் கம்பளித் துண்டு. பிள்ளையின் முதுகில் சுவர்க் குளிர் ஏறாமலிருக்க வைத்தது. தொப் தொப் என்றது அதுதான். அந்தப் பக்கம் தட்டிப் பாருங்கள் என்று பிள்ளை சொன்னதும் அதற்குத்தான்.

பெயிண்டர் வாளிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கீழே போனார்.

"ஐயா, நான் சொன்னது தப்பு. சுவரு தங்கமா இருக்கு. அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்க."

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்குச் சொன்னது நீ. இன்னிக்கு மாத்திச் சொல்றதும் நீ. நாளைக்கு என்ன சொல்லுவ? மச்சான் சாமான் லாரில ஏறியாச்சுய்யா. நீ பெயிண்டுக்குக் கூலி வாங்குறியா, நியாயத்துக்குக் கூலி வாங்குறியா?"

பெயிண்டர் மேலே வந்தார். மற்ற மூன்று சுவரையும் நனைத்து, நகம் படாமல் உரித்தார். ஈரத்தோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

சலவைப் பிரிவு பின்பக்கம். உள்ளே போனால் ஆவியில் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. நீளமான மேஜையில் கஞ்சியக்கா கோட்டின் கைகளை மடக்கி இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அந்தச் சுவரைப் பாத்தவன்" என்றார்.

"தெரியும். பாப்பா சொன்னா. பெரிய மீசை, நீலச் சட்டை, ரெண்டு காது இருந்தும் ஒண்ணும் கேக்காதுன்னு."

"தப்பு பண்ணிட்டேங்க. மன்னிச்சுக்கணும்."

"மன்னிச்சா அறை திரும்பி வந்துடுமா? இப்ப பிள்ளையும் நானும் என் சிநேகிதி வீட்டு சமையல்கட்டுல படுத்துக் கிடக்கோம்." அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் துணிகளைப் பிரித்து எண்ணினாள். "நாலு. அஞ்சு இருக்கணுமே."

"நாலு சுவரு, நாலு துணி."

"கதவோரம் ஒண்ணு இருந்துச்சு பெயிண்டரே. பிள்ளை வளர வளர சுவத்துல கோடு போட்டு வைப்பாங்கல்ல? வாடகைச் சுவத்துல கோடு போட்டா சும்மா விடுவாங்களா? அதான் துணியில தைப்பேன். பொறந்தநாளுக்கு ஒரு தையல். மூணு வயசுலேருந்து இருக்கு. இந்த நாலும் உங்ககிட்டயே இருந்தாலும் பரவால்ல. அதைக் கொண்டாங்க."

பளிச்சென்றிருந்த கதவோரச் சுவர் பெயிண்டருக்கு அப்போதுதான் உறைத்தது. போன வேகத்தில் திரும்பி நடந்தார்.

துணியைத் தேட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. வீட்டுக்காரர் வாசலில், நாலாக மடித்து, கால் துடைக்கப் போட்டிருந்தது. காலையில் இரண்டு தடவை பெயிண்டரே அதைத் தாண்டிப் போயிருக்கிறார். இப்போது வீட்டுக்காரர் செருப்புக் காலோடு அதன்மேல் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"காலை எடுங்க."

"என்னது?"

"காலை எடுங்கய்யா."

எடுக்கவில்லை. பெயிண்டர் குனிந்து துணியின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். வீட்டுக்காரர் கதவைப் பிடித்துச் சமாளித்தார்.

"பழைய போர்வைக்கு எதுக்குய்யா இவ்வளவு கோவம்? உனக்கென்ன பைத்தியமா?"

பெயிண்டர் துணியைப் பிரித்துக் காட்டினார். குறுக்கே குட்டிக் குட்டியாக நீல நூல் தையல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். "இது அந்தப் பிள்ளையோட அஞ்சு வயசு. இது ஆறு. நீங்க நின்னுட்டிருந்தது எட்டு வயசு மேல."

"தொட்டா கையோட வந்துச்சு, வாசல்ல போட்டோம். இது ஒரு குத்தமா?"

"கையோட வந்துச்சா? எப்ப?"

வீட்டுக்காரர் போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி, விஷயம் தெரியாத மனுஷி, கேட்டதற்குப் பதில் சொன்னாள்: "அவ காலி பண்ண அன்னிக்கேதாங்க. அவ சாமானை இறக்கிட்டு இருக்கும்போதே வந்துடுச்சே. சுவத்துல ஒரு பொட்டு அழுக்கில்லை, நானே இவர்கிட்ட சொன்னேன்."

தெரிந்திருக்கிறது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போதே சுவருக்கு ஒன்றுமில்லை என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. பெயிண்டராவது தெரியாமல் செய்தார். இவர் தெரிந்தே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, பிள்ளையின் உயரத்தைக் காலுக்கடியில் போட்டு மிதித்திருக்கிறார். பெயிண்டருக்கு வாயில் வந்ததெல்லாம் அச்சில் ஏறாத வார்த்தைகள். அதையெல்லாம் விழுங்கிவிட்டுத் துணியை மடித்தார். அன்றைக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் அவர் ஒரு பிரஷ்கூட நனைத்ததில்லை.

துணியை வாங்கிய கஞ்சியக்கா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். எட்டு என்ற எண்ணுக்கு மேலே முழுசாக ஒரு செருப்புத் தடம். சலவைக்காரிக்கு அந்தக் கறையை எடுப்பதா கஷ்டம்? எடுக்கவில்லை. அடுத்த வாரம் பெயிண்டர் போனபோது தடத்தைச் சுற்றி, குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை, சிவப்பு நூலால் ஓரம் தைத்திருந்தாள்.

"இது எதுக்கு அக்கா?"

"இதுவும் ஒரு அளவுதானே. எட்டு வயசுல என் பொண்ணு தலைமேல யாரு ஏறி நின்னாங்கன்னு அவளுக்குத் தெரியட்டும்."

அதன்பிறகு அவள் ஏழு வீடு மாறினாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பலகை, ஒவ்வொன்றிலும் ஒரு கூடாது. ஆணி கூடாது, சாயம் கூடாது, மொட்டை மாடியில் துணி கூடாது. ஒரு புண்ணியவான் ஜன்னலில் திரை கூடாது என்றார், வெளியிலிருந்து பார்க்க எல்லா ஜன்னலும் ஒன்றுபோல இருக்க வேண்டுமாம். ஏழு தடவையும் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒட்டிக் கொடுத்தவரும் உரித்துக் கொடுத்தவரும் பெயிண்டர். பெயிண்ட் அடிக்கிறவன் பெயிண்ட்டே இல்லாமல் சுவரை மூடப் போகிறானே என்று அவர் மனைவிகூடக் கேலி செய்தாள். முதலில் "பெயிண்டரே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கஞ்சியக்கா மூன்றாவது வீட்டுக்கு வரும்போது "தம்பி" ஆக்கிக்கொண்டாள். தம்பி ஆனதில் ஒரு நஷ்டமும் இருந்தது. பத்து வருஷத்துப் பெயிண்ட் சிந்தி, வானவில் மாதிரி ஆகியிருந்த அவர் வேலைக் காற்சட்டையைத் துவைத்துத் தருகிறேன் என்று வாங்கிப்போய், வெட்டி, மூன்று தலையணை உறை தைத்துவிட்டாள்.

"அது நான் போடுற துணிக்கா."

"இவ்வளவு அழகை நீ உக்கார்ற எடத்துல வெச்சிருந்த. இப்ப நான் தலை வைக்கிறேன், மரியாதைதானே."

ஆஸ்பத்திரியிலும் அவள் கை சும்மா இருக்கவில்லை. ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கான்வாஸ் ஷூ. வார்டு வாசலில் கழற்றி வைத்தால் யாருடையது எது என்று தெரியாது, தினம் ஒரு சண்டை. குதிகால் பக்கம் ஆளுக்கொரு அடையாளம் துணிப் பெயிண்டில் போட்டுக் கொடுத்தாள். லிஃப்ட்காரருக்கு மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு. குழாய் வேலைக்காரருக்குச் சொட்டுகிற குழாய். எப்போதும் தாமதமாக வருகிற நர்ஸுக்குக் கடிகாரம், அதுவும் பத்து நிமிஷம் முன்னால் ஓடுகிற கடிகாரம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டுதான் வாங்கிப்போனாள்.

பள்ளிக்கூடத்தில் சிரிக்கவில்லை. மகளின் ஷூ கட்டைவிரல் பக்கம் கிழிந்தபோது கிழிசலை மூடிப் பச்சை நூலில் ஓர் இலை தைத்து அனுப்பினாள். வெள்ளை ஷூவில் பச்சை கூடாது என்று பிள்ளையை வாசலிலேயே வெறுங்காலோடு நிற்கவைத்தார்கள். கஞ்சியக்கா அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனாள். "ஓட்டை ஷூ போடலாமா?" என்று கேட்டாள். விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்கள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பச்சை நூலைப் பிரித்து, அதே இலையை வெள்ளை நூலில் தைத்தாள். வெள்ளைமேல் வெள்ளை. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் நரம்பு முதற்கொண்டு தெரியும். "இதையும் பிரிக்கச் சொல்லுங்க பாப்போம்" என்று ஷூவை மேஜைமேல் வைத்தாள். பிள்ளையை உள்ளே விட்டார்கள். இதைக் கேட்டு ஒரு வாரம் பெயிண்டருக்கு வேலையே ஓடவில்லை. கிழிந்த ஷூ கண்ணில் படாதாம், அதை மூடிய இலை படுமாம்.

அந்தப் பிள்ளை வளர்ந்தது. துணியில் நீலத் தையல் ஏறிக்கொண்டே போய்ப் பதினாறு வயசோடு நின்றது. இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தாயும் மகளும் சேர்ந்து ஊர்க் கடைசியில், பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள ஒரு வீட்டைச் சொந்தமாக வாங்கினார்கள். சுவர் அடிக்கப் பெயிண்டரைத் தவிர வேறு யார்?

அவர் அந்தச் சுவர்களில் காட்டிய அக்கறையை வேறெங்கும் காட்டியதில்லை. இரண்டு கை பட்டி, மூன்று தரம் உப்புத்தாள். பக்கவாட்டில் விளக்குப் பிடித்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். நீவினால் கை நழுவுகிற சுவர். முடித்துவிட்டுப் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தபோது கஞ்சியக்கா வந்து நின்றாள். அவள் தலை நரைத்துவிட்டது, வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம். ஒரு கையில் அந்த ஐந்தாவது துணி. அதன் தலைப்பில் மாட்டுவதற்குப் புதிதாக ஒரு துணிக் காது தைத்திருந்தாள். இன்னொரு கையில் சுத்தியலும் ஓர் ஆணியும்.

பெயிண்டர் பிரஷைக் கீழே போட்டார். "என்னக்கா இது?"

"கதவோரம் இதை மாட்டணும்."

"கஞ்சி காய்ச்சுங்க, ஒட்டிடறேன். இப்பதான் காஞ்ச சுவருக்கா. விரல் வெச்சாக்கூட எனக்கு மனசு கேக்காது."

"கஞ்சியெல்லாம் அடுத்தவன் சுவத்துக்குடா தம்பி. உரிச்சிட்டுப் போகணும்னு பயந்து ஒட்டினது. இங்கேருந்து எவன் என்னை உரிப்பான்?"

சுத்தியலை வாங்க அவர் கை நீளவில்லை. இருபத்தஞ்சு வருஷமும் அதற்குமேல் ஒரு பதினோரு வருஷமும் அடுத்தவர் அடித்த ஆணி ஓட்டையை மூடிய கை அது.

"பாப்பா அடிக்கட்டுமே" என்றார். மகள் சமையல்கட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் எதுக்கு மாமா? எனக்கென்ன சுவரைப் பத்தித் தெரியும்" என்றாள், சிரிக்காமல்.

கஞ்சியக்கா துணியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். நீலத் தையல்களுக்கு நடுவே சிவப்பு ஓரம் கட்டிய செருப்புத் தடம் பளிச்சென்று தெரிந்தது. அடி ஓரம் தரையைத் தொடும்வரை இறக்கினாள், தொடாவிட்டால் பிள்ளையின் உயரமெல்லாம் பொய்யாகிவிடும். மேலே காது வந்த இடத்தில் நகத்தால் ஒரு புள்ளி குத்தினாள். பெயிண்டர் கண்ணை மூடித் திறந்தார். பழக்கதோஷத்தில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் முட்டியால் தட்டினார். டக், டக். நல்ல சுவர்.

"என்ன சொல்லுது?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"அன்னிக்குப் போச்சுன்னு சொன்ன வாய்தானே. இப்ப தட்டின அந்தக் கையாலயே அடி."